நாலந்தாவின் அண்டங்காகம்

இலங்கையின் நாலந்தா கெடிகே கோயிலின் கற்சுவரில் வந்தமரும் காகத்தைச் சற்று நின்று பாருங்கள். கழுத்து சாம்பல் என்றால் ஊர்க்காகம்; நீளம் சுமார் 40 செ.மீ. உடல் முழுதும் கறுத்து, மேலலகு தடித்து வளைந்திருந்தால் அண்டங்காகம். இதன் குரல் ஆழமானது. காட்டோரங்களிலும் தயங்காமல் வாழும். இவ்விரு காகங்களின் கூட்டிலும் குயில் முட்டையிடும்.

அண்டங்காகத்தை ரேவன் என்னும் பெரிய காகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இமயத்திலும் ராஜஸ்தான் பாலையிலும் காணப்படும் ரேவன் 60 செ.மீ. அளவுக்கு வளரும். பறக்கையில் அதன் வால் ஆப்பு வடிவில் கூம்பும். தொண்டை இறகுகள் தாடிபோல் தொங்கும். இலங்கையில் அது வாழ்வதில்லை.

போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதபடி கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் கட்டிய கோயில் நாலந்தா கெடிகே. அதைப் பார்க்க வருவோர், வெயிலில் நீலம் பளபளக்கும் இந்தக் கறுத்த அண்டங்காகத்தையும் பார்க்காமல் போகக் கூடாது.