ஒளிரும் மூளைப் படத்தை எப்படி ரசிப்பது?

ஒளிர்வு என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். அதற்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கடைத்தெருவில் அமாவாசைக்கு விற்கும் மஞ்சள்பொடியில் ஒரு சிட்டிகை போதும். (கஸ்தூரி மஞ்சள் வேண்டாம், அதில் குர்குமின் குறைவு.) ஸ்பிரிட்டில் கரைத்து, இருட்டில் கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். பச்சை கலந்த மஞ்சளாகப் பளிச்சிடும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கித் தெரிகிற ஒளியாகத் திருப்பித் தருகிறது குர்குமின். அல்சைமர் நோயாளியின் மூளைச் சீவலில் இட்டால், இதே குர்குமின் அமிலாய்டு புரதக் கட்டிகளில் போய் ஒட்டி அவற்றை ஒளிரவைக்கும்.

மற்றப் புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கு மஞ்சள் உதவாது. குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து அனுப்புவார்கள். ஆல்பர்ட் கூன்ஸ் 1941இல் காட்டிய வழி.

படத்தைப் பார்த்ததும் நிறத்தில் மயங்காதீர்கள். ஆய்வகக் கேமராக்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் பதிகின்றன. பச்சையும் மெஜந்தாவும் பிறகு கணினியில் ஏற்றியவை. நீலத்துக்கு மட்டும் ஓரளவு மரபு உண்டு: அது பெரும்பாலும் டாப்பி சாயம் பிடித்த செல் உட்கரு. முதலில் அதைப் பாருங்கள், செல்கள் எங்கே என்பது பிடிபடும். பிறகு அமிலாய்டைத் தேடுங்கள். அந்தக் கட்டிகள் செல்லுக்கு வெளியே கிடக்கும். டௌ புரதமோ நியூரானுக்குள்ளேயே முறுக்கிக்கொண்டிருக்கும். ஒரே நோய், இரண்டு புரதம், இரண்டு இடம்! அமிலாய்டு கட்டியைச் சுற்றி, மூளையின் காவலர்களான மைக்ரோக்ளியா செல்கள் நெருக்கியடித்து நிற்கும் காட்சி எனக்கு அலுப்பதே இல்லை.

பச்சையும் மெஜந்தாவும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெள்ளையானால், இரு புரதங்களும் ஒட்டியிருப்பதாக உடனே முடிவுகட்ட வேண்டாம். தடித்த சீவலில் ஒன்று மேலும் மற்றது கீழுமாக இருந்தாலும் அப்படித்தான் தெரியும். முதியோர் மூளையில் லிபோஃபஸ்சின் என்ற கழிவு எந்தச் சாயமும் இல்லாமலே ஒளிரும். ஆன்டிபாடி இடாத ஒப்பீட்டுப் படம் பக்கத்தில் இல்லாவிட்டால், எவ்வளவு அழகான படத்தையும் நான் பாதிதான் நம்புவேன்.

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ தொகுப்பில், கருவில் வளரும் மூளையின் 5,132 சீவல்கள் உள்ளன. ஒளிர்வு அங்கே முக்கியமல்ல. பெரும்பாலும் சாதாரணச் சாயமேற்றிய படங்கள். ஆனால் எது செல், எது இடைவெளி என்று கண்ணைப் பழக்க நல்ல இடம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, திறந்து பாருங்கள்.