கோல்றிட்ஜும் எண்ணப் பெருக்கும்

எழுதுதற்குப் பொருள் கிடையாது இடர்ப்படும் எழுத்தாளனுக்கு இரங்குவோர் பலர்; பொருள் மிகுந்து இடர்ப்படுவோனுக்கு இரங்குவோர் அரியர். அவனுக்கென்ன குறை என்றே உலகம் கேட்கும். ஆங்கிலக் கவிஞர் சாமுவேல் ரெயிலர் கோல்றிட்ஜ் (1772–1834) இவ்விரண்டாம் வகையினருள் தலையாயவர். 1797 ஏப்ரிலில், நூல் வெளியீட்டாளரான யோசேப்பு கொற்றிலுக்கு எழுதிய கடிதமொன்றில், காவியம் ஒன்று பாடுதற்கு 20 ஆண்டுகளேனும் வேண்டுமென அவர் கணக்கிட்டார். பொருள் திரட்டிப் பல்துறை அறிவால் உள்ளத்தைப் பதப்படுத்த 10 ஆண்டு; பாடுதற்கு 5; திருத்துதற்கு 5. அப்போது அவருக்கு வயது 24. அதன்பின் 37 ஆண்டுகள் வாழ்ந்தார். காவியம் பிறக்கவில்லை.

பிரித்தானிய நூலகத்தில் உள்ள அவரது இளமைக்காலக் குறிப்பேடொன்றில், எழுதக் கருதிய நூல்களின் பட்டியல் காணப்படுகின்றது. தீமையின் தோற்றம் பற்றிய காவியம். ஞாயிறு, திங்கள், பூதங்கள் ஆகியவற்றின்மீது ஆறு துதிப்பாடல்கள். பிற்கால இலத்தீன் கவிஞரைத் தழுவிய பாடல்கள். இசை நாடகம் ஒன்று. தனியுடைமை ஒழிப்புப் பற்றிய கட்டுரை. காலையில் எழுவதனால் ஆயுளை நீட்டிக்கும் கலை பற்றிய நூலும் அதிலே உண்டு. காலையில் எழுவது அவர்க்கு எத்துணை அருமையாயிருந்தது என்பதை அறிந்தோர் இதனைப் படித்து நகையாதிரார். பட்டியலிற் பெரும்பகுதி பட்டியலாகவே நின்றுவிட்டது.

இதற்கெல்லாம் அபினியே காரணமென்று பழிமுடித்துவிடுதல் எளிது. பாடநூல் முன்னுரைகள் பல அவ்வாறே முடிக்கின்றன. ஆயின், அப்பழக்கம் அவரை அடிமை கொண்டு இறுகியது 1800, 1801ஆம் ஆண்டுகளையொட்டியே என்பர். பட்டியலோ அதற்குச் சில ஆண்டுகள் முந்தியது. எண்ணங்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும் நிலை அபினிக்கு முன்னரே அவரிடம் இருந்தது. அபினி அதனை மோசமாக்கியது என்னுமளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மையாகும்.

கோல்றிட்ஜ் தாமே கூறிய காரணம் வேறு. 'குப்ளா கான்' 1816இல் அச்சேறியபோது அதற்கொரு முன்னுரை எழுதினார். கனவிலே முழுப்பாடலும் தோன்றியதாம். விழித்து எழுதிக்கொண்டிருக்கையில் போலொக் என்னும் ஊரிலிருந்து அலுவல் நிமித்தம் வந்த ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேலாகத் தடுத்துவிட்டாராம். மீண்டுவந்து பார்த்தபோது எஞ்சியவை மறைந்துபோயினவாம். மறு ஆண்டில் வெளிவந்த 'பயோகிராபியா லிற்றரேரியா'விலும் இத்தகைய வருகை ஒன்று உண்டு. கற்பனை பற்றிய கோட்பாட்டை நிறுவவேண்டிய 13ஆம் அதிகாரத்தின் இடையே நண்பரொருவரின் கடிதம் குறுக்கிடுகின்றது. அதிகாரம் மிக நீளும். பெருநூலுக்கென ஒதுக்கிவைக்க, என்று அது அறிவுரை கூறுகின்றது. அக்கடிதத்தை எழுதியவர் கோல்றிட்ஜே. இவ்விரண்டிலும் வெளியார் ஒருவர் வந்து வேலையைக் கெடுக்கிறார். அவரது வாழ்க்கையை நோக்குவார்க்கோ நிலைமை இதற்கு நேர்மாறாகத் தோன்றும். அவர் எழுதி முடித்தவற்றுட் பலவும் பிறர் ஒருவர் அருகிருந்தமையால் முடிந்தவை.

'பழங்கால மாலுமி' பிறந்த கதை இதற்குச் சான்று. 1797 நவம்பரில் கோல்றிட்ஜும் வேட்ஸ்வேத்தும் அவர் தங்கை டொறதியும் குவொன்ரொக் குன்றுகளின் ஊடே நடைப்பயணம் புறப்பட்டனர். வழிச்செலவுக்குப் பணம் வேண்டும். ஆகவே மாத இதழொன்றுக்கு ஒரு பாடல் எழுதி விற்போம் என்பது ஏற்பாடு. கடற்பறவையைக் கொன்ற குற்றம், அதற்குப் பழிவாங்கும் ஆவிகள், இறந்தோர் கப்பலைச் செலுத்துதல் ஆகியவற்றைச் சொல்லிக் கொடுத்தவர் வேட்ஸ்வேத். சிறிது தொலைவு கூடப் பாடிப் பார்த்துத் தம் நடை இதனோடு இயையாதென விலகிக்கொண்டார். 1798 மார்ச்சில் பாடல் முற்றுப்பெற்றது. பெருங்கடலில் அதுவரை பயணஞ் செய்தறியாத கவிஞர், பயண நூல்களிற் படித்துக் குவித்த பனிமலைகளையும் கடலொளியையும் நீர்வாழ் உயிர்களையும் அதிலே கொட்டினார். எந்த வரி எந்த நூலிலிருந்து கிளைத்தது என்பதை 1927இல் யோன் லிவிங்ஸ்ரன் லோவெஸ் விரிவாக ஆராய்ந்து காட்டியுள்ளார். குறிப்பேட்டைக் குழப்பிய அதே பெருக்குத்தான் இங்கே வளமாயிற்று. ஒரு கப்பல், ஒரு குற்றம், பழைய கதைப்பாடலின் குறுகிய அடிகள் என்ற சிறு வாய்க்கால் கிடைத்ததே வேறுபாடு.

இப்பாடலுக்கு முன் மற்றொன்று முயன்று கைவிடப்பட்டது. காயீனின் அலைவு பற்றி மூன்று காண்டங்கள் பாடவேண்டும். முதலாவதை வேட்ஸ்வேத்தும் இரண்டாவதைக் கோல்றிட்ஜும் எழுதுவர். முந்தி முடிப்பவர் மூன்றாவதையும் தொடங்கவேண்டும் என்பது ஒப்பந்தம். கோல்றிட்ஜ் தம் பங்கை விரைந்து முடித்துக்கொண்டு சென்றார். நண்பரின் தாளோ ஏறத்தாழ வெறுமையாய்க் கிடந்தது. இருவரும் சிரித்து அம்முயற்சியைக் கைவிட்டனர். அதற்கு ஈடாக மாலுமிப் பாடல் எழுந்தது என்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின்பின் அவரே நினைவுகூர்ந்தார். ஓர் எண்ணத்தை வருத்தமின்றிக் கைவிட்ட இக்காட்சி அவர் வாழ்வில் அரிதானது. பிற்காலத்தில் எதனையும் அவர் கைவிட்டாரல்லர், ஒத்திவைத்தார். ஒத்திவைத்த எண்ணம் இறப்பதில்லை. அடுத்ததன் இடத்தையும் அடைத்துக்கொண்டு கிடக்கும்.

பின்னர் நிகழ்ந்தவையும் இதனையே காட்டும். 1809 யூன் முதல் 1810 மார்ச்சு வரை 'நண்பன்' என்னும் இதழை அவர் நடத்தியபோது, சொல்லச் சொல்ல எழுதியவர் சாரா ஹச்சின்சன். அவர் பிரிந்து சென்ற காலத்தோடு இதழும் நின்றது. 'பயோகிராபியா' 1815இல் கவிதைத் தொகுதியொன்றின் முன்னுரையாகத் தொடங்கித் தனி நூலாய்ப் பெருத்தது. அதனைச் சொல்லக்கேட்டு எழுதியவர் யோன் மோகன். கடிதத்தால் அறுபட்ட அவ்வதிகாரத்தின் இறுதியில் எஞ்சியவை கற்பனையை வரையறுக்கும் சிறு பத்திகள் சிலவே. திறனாய்வாளர் இரு நூற்றாண்டுகளாக எடுத்தாள்வது அப்பத்திகளையே! எழுதப்படாத நூறு பக்கங்கள் இத்துணைப் பயன்பட்டிருக்குமா என்பது ஐயமே.

ஆயினும் துணை கிடைத்தால் எல்லாம் கைகூடும் என்றும் கொள்ளற்க. எண்ணப் பெருக்கு அருகிருப்போர்மீதும் வழியக்கூடும். இயற்கை, மனிதன், சமுதாயம் மூன்றையும் தழுவிய மெய்யியற் பெருங்கவிதை ஒன்றை வேட்ஸ்வேத் பாடவேண்டுமென்று தூண்டியவர் கோல்றிட்ஜ். 'துறவி' எனப் பெயரிட்ட அத்திட்டம் நண்பரின் தோளிற் சுமையாயிற்று. அதன் பகுதியொன்று 1814இல் வெளிவந்தது. முழுமை வேட்ஸ்வேத்தின் இறுதிவரை கைகூடவில்லை. தம் எண்ணத்திற் கிளைத்தவற்றைத் தாமே முயன்று பார்த்த வேட்ஸ்வேத் சோர்ந்ததில்லை. பிறர் எண்ணமே அவரைச் சோர்வித்தது.

கோல்றிட்ஜின் 'கிறிஸ்ரபெல்' வேறொரு வகையில் நின்றுபோயிற்று. முதற்பகுதி 1790களின் இறுதியிலும் இரண்டாம் பகுதி 1800இலும் எழுந்தன. அவ்வாண்டு இருவரும் சேர்ந்து பதிப்பித்த தொகுதியில் அதற்கு இடம் கிட்டவில்லை; அவ்விடத்தை வேட்ஸ்வேத்தின் 'மைக்கல்' நிரப்பியது. பதினாறு ஆண்டுகளின்பின், 1816இல், இரு பகுதிகளையும் அவ்வாறே அச்சிட்டபோது, எஞ்சிய மூன்று பகுதிகளையும் நடப்பாண்டுக்குள் பாடிவிடுவேன் என்று முன்னுரையில் நம்பிக்கை தெரிவித்தார். அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. மூன்றனுள் ஒன்றும் வெளிவரவில்லை.