பண்பாட்டு மீட்சி யாருக்காக?

ஏகாதிபத்தியம் இழிவுபடுத்திய ஆபிரிக்கப் பண்பாட்டை மீட்டெடுத்தல் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயின், மீட்போர் யார், யாருக்காக மீட்கின்றனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படாதவிடத்து மீட்சி என்பது வெறும் அலங்காரச் சொல்லாகிவிடும். கென்யாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கிக்கூயு மக்களின் வாழ்க்கை முறையை ஆராய்ந்து 1938இல் ஜோமோ கென்யாட்டா ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நாகரிகமற்றோர் எனப் பழிக்கப்பட்ட மக்களிடையே ஒழுங்கமைந்த நிலவுரிமையும் கல்வி முறையும் நிலவின என நிறுவிய அந்நூலின் முற்போக்குப் பணியை நாம் மறுப்பதற்கில்லை. 1963இல் நாடு விடுதலை பெற்றது. அவரே ஆட்சித் தலைவருமானார். எனினும், வெள்ளையரின் பெரும்பண்ணைகள் பல புதிய ஆளும் வர்க்கத்தினர் கைக்கு மாறினவேயன்றி, நிலமிழந்தோர் பலர் நிலமற்றோராகவே இருந்தனர்.

இந்த நிலமற்றோரின் கதையையே கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரியும் 1977இல் கிக்கூயு மொழியில் நாடகமாக்கினர். தனக்கிருந்த ஒன்றரை ஏக்கர் நிலத்தையும் செல்வந்தனிடம் இழக்கும் விவசாயத் தொழிலாளி ஒருவனின் கதை அது. லிமுருவை அடுத்த கமிரித்துக் கிராமத்தின் விவசாயிகளும் தொழிலாளரும் திறந்தவெளி அரங்கைத் தாமே கட்டினர், தாமே நடித்தனர், ஒத்திகைகளின்போது வசனங்களைத் திருத்தியும் கொடுத்தனர். ஒக்டோபரில் மேடையேறிய நாடகம் நவம்பரில் தடைசெய்யப்பட்டது. டிசம்பர் 31இல் கூகி வா தியாங்கோ கைதாகி, விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார். சிறையிட்டது, கிக்கூயு மரபைப் போற்றி நூலெழுதிய அதே கென்யாட்டாவின் அரசாங்கமே.

அதே ஆண்டில் கூகியின் ஆங்கில நாவலொன்றும் வெளிவந்தது. சுரண்டலை அது சாடிய வேகம் நாடகத்தினதற்குக் குறைந்ததன்று. எனினும், அந்நாவலின் வெளியீட்டு விழாவில் நிதியமைச்சரே பங்குபற்றினார். ஆங்கிலம் கற்ற சிலர் வாசிக்கும் கண்டனத்தை அரசு பொறுத்துக்கொண்டது. உழைப்போர் தம் மொழியில் தாமே கூறிய கண்டனத்தை அதனால் பொறுக்க இயலவில்லை. அரசு அஞ்சியது மரபைக் கண்டன்று. அம்மரபு மக்களின் கையில் ஆயுதமானதைக் கண்டேயாகும்.

ஆங்கிலத்தையே வளைத்து ஆபிரிக்க அனுபவத்தைச் சுமக்கச் செய்யலாம் என்றார் சினுவா அச்சுபே. அவருடைய நாவல்களே அதற்குச் சான்று பகர்வன. பல மொழிகள் வழங்கும் நாட்டில் ஒரு மொழியை உயர்த்துவது இனப்பிரிவினைக்கு வழிகோலும் என்ற ஐயமும் புறக்கணிக்கத்தக்கதன்று. மொழி மட்டும் எதையும் சாதித்துவிடாது. கிக்கூயு மொழியைச் செல்வந்தரும் பேசினர். ஆனால், மக்கள் அறியாத மொழியில் அவர்களது விடுதலையை மட்டும் எழுதிக்கொண்டிருத்தலும் போதாது. ஐயத்திற்கு விடை, மொழிகளை ஒடுக்குவதன்று. ஆபிரிக்க மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்பைப் பெருக்குவதே.

சிறையில் மலசலகூடத் தாளில் கூகி எழுதிய கிக்கூயு நாவல் 1980இல் வெளிவந்தது. குடும்பங்களிலும் மதுக்கடைகளிலும் ஒருவர் வாசிக்க மற்றோர் கூடியிருந்து கேட்டனர் என அவர் பதிவுசெய்துள்ளார். 1982இல் கமிரித்து அரங்கு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. கூகியின் நாடுகடந்த வாழ்வும் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. 2025இல் அவர் மறைந்தார்.

இன்று அவருக்குப் புகழ்மாலை சூட்டுவோர் பலர். அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: நீங்கள் போற்றும் பண்பாட்டில், அந்த அரங்கைக் கட்டிய கைகளுக்கு இடமுண்டா?