சிரிப்பும் உழைப்பே

கலை இலக்கியங்களை ஆராயும் ஏட்டிலே, கொரிய இளைஞர் எழுவர் ஆடும் வேடிக்கை விளையாட்டுகளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இத்தகைய நிகழ்ச்சிகளைக் குறித்து இரு சாரார் இருவேறு கருத்துக் கூறுவர். இவை வெறும் பொழுதுபோக்கு, ஆராய்வதற்கு இவற்றில் யாதுமில்லை என்பர் ஒரு சாரார். இளைஞரை மயக்கும் போதை இவை, ஒதுக்கித் தள்ளவேண்டியவை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரு விடயத்திலே முற்றாக ஒன்றுபடுகின்றனர். இருவருமே நிகழ்ச்சிகளைப் பாராமல் தீர்ப்பு வழங்குகின்றனர். நாம் பார்த்தோம், பார்த்துச் சிரித்தோம், ஒன்றைப் பார்த்தபின் அடுத்ததையும் தேடிப் பார்த்தோம். சிரித்ததை மறைத்துவிட்டு விமரிசனம் எழுதுதல் நேர்மையாகாது. ஆகவே எமது சிரிப்பிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்குவோம்.

பி.ரி.எஸ். என்னும் இசைக்குழு 2013ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் திகதி தென்கொரியாவில் அறிமுகமாயிற்று. அந்நாட்டில் இத்தகைய குழுவொன்று பாடி ஆடினால் மட்டும் போதாது. மேடையில் ஒரு பாடலுக்குக் கிடைப்பது மூன்று நான்கு நிமிடங்கள். அதற்குள் எழுவரில் யார் யார் என்பதை மக்கள் மனத்திற் பதிப்பது அரிது. எனவே பல்சுவை நிகழ்ச்சிகள் எனப்படுவனவற்றிலே அவர்கள் தோன்றவேண்டும். ஓடவேண்டும், சமைக்கவேண்டும், தோற்றுத் தண்டனை பெறவேண்டும், தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளவும் வேண்டும். 2010இல் தொடங்கிய 'ரன்னிங் மேன்', 2011இல் தொடங்கிய 'வீக்லி ஐடல்', 2015இல் தொடங்கிய 'நோயிங் பிரதர்ஸ்' ஆகியவை இவ்வகையிற் பெயர்பெற்றவை. இவை அனைத்திலும் இக்குழுவினர் விருந்தினராகத் தோன்றியுள்ளனர். அன்றியும், 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து 'ரன் பி.ரி.எஸ்.' என்னும் பெயரில் தமக்கெனவே ஒரு நிகழ்ச்சியை இணையவழியே நடத்திவந்தனர்.

நாம் எதைக் கண்டு சிரித்தோம்? காதுகளிலே ஹெட்போனை மாட்டி, அதில் உரத்த இசையை ஒலிக்கவிட்டு, எதிரே நிற்பவன் கத்தும் சொல்லை உதட்டசைவால் மட்டும் ஊகித்து அடுத்தவனுக்குச் சொல்லவேண்டும் என்பது ஒரு விளையாட்டு. முதலாமவன் சொன்ன சொல் கடைசி ஆளிடம் சென்று சேரும்பொழுது அடையாளம் தெரியாத வேறொன்றாகிவிடுகிறது. ஒவ்வொருவனும் தான் சரியாகவே கேட்டதாகச் சாதிக்கிறான். 1992இல் பிறந்த மூத்தவர் ஜின் சொற்சிலேடை ஒன்றைக் கூறிவிட்டுத் தாமே முதலிற் சிரிக்கிறார். 1997இல் பிறந்த இளையவர் ஜங்குக் அவரைச் சற்றும் அஞ்சாமற் கேலி செய்கிறார். தோற்றவனைத் தேற்றுவதுபோல வந்து மேலும் கேலி செய்வோரும் உளர். இவ்வளவுதான். ஆயினும் பார்த்து முடித்தபோது, நெடுநாட் பழகிய நண்பர் கூட்டமொன்றிலிருந்து எழுந்து வந்த உணர்வே எமக்கு ஏற்பட்டது.

இவ்வுணர்வை நாம் அற்பமெனக் கருதவில்லை. கொரியச் சமுதாயம் வயதினாலும் பதவியினாலும் கடுமையாக அடுக்கப்பட்டது. அம்மொழியின் வினைமுடிபே பேசுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வுக்கேற்ப மாறுகிறது. ஓர் ஆண்டு மூத்தவனும் மூத்தவனே. 'நோயிங் பிரதர்ஸ்' நிகழ்ச்சியின் மேடை ஒரு பள்ளி வகுப்பறையாக அமைக்கப்பட்டுள்ளது. விருந்தினர் யாவரும் புதிதாகச் சேர்ந்த மாணவராக உள்ளே வருவர். அங்கு நிலவும் விதி ஒன்றே: எவரும் எவரையும் மரியாதைச் சொல்லின்றி ஒருமையிலேயே பேசவேண்டும். 2017இல் பி.ரி.எஸ். குழுவினர் அங்கு சென்றபோது, 1970இல் பிறந்தவரும் முன்னாள் மல்யுத்த வீரருமான காங் ஹோ டோங்கோடு இருபது வயது இளைஞரும் தோழனைப்போலப் பேசினர். அந்த ஒரு மணி நேரத்துக்கு அடுக்குகள் கலைகின்றன. பார்ப்போனின் மகிழ்ச்சிக்குக் காரணம் இங்குள்ளது. பள்ளியிலே பரீட்சைப் போட்டி, அலுவலகத்திலே மேலாளரின் அதிகாரம், வீட்டிலே வயதின் அதிகாரம் என அமைந்த வாழ்வில் எங்கும் கிடைக்காத சமத்துவத்தையும் தோழமையையும் அவன் திரையிலே காண்கிறான். இரசிகனின் சிரிப்புக்குள் ஒரு நியாயமான ஏக்கம் உறைந்திருக்கிறது. இதனைக் காணாத விமரிசனம் மக்களைக் காணாத விமரிசனமேயாகும்.

எனினும் ஏக்கத்தை அறிந்தவன் வணிகனும் ஆவான். இந்நிகழ்ச்சிகளின் உருவத்தைச் சற்று உற்றுநோக்குதல் வேண்டும். திரையெங்கும் வண்ண எழுத்துகள் தோன்றி, இன்னார் வெட்கப்படுகிறார், இன்னார் பொறாமைப்படுகிறார் என எமக்கு அறிவிக்கின்றன. ஒரு முகபாவம் மூன்று முறை திருப்பிக் காட்டப்படுகிறது. எங்கே சிரிக்கவேண்டும் என்பதைப் பின்னணி ஒலி சொல்லித்தருகிறது. பல மணி நேரம் படம்பிடித்ததிலே எதை வைப்பது, எதை வெட்டுவது என்பதைத் தொகுப்பாளரின் மேசை தீர்மானிக்கிறது. மேடையிலே காண்பது வேடம், பல்சுவை நிகழ்ச்சியிலே காண்பதே உண்மை முகம் என்று இரசிகர் கூறுவதுண்டு. நாமும் அவ்வாறே எண்ணினோம். ஆனால் அந்த உண்மை முகமும் தேர்ந்து, வெட்டி, ஒட்டி எமக்கு அளிக்கப்பட்டதே. 'இயல்பாயிருத்தல்' என்பதே இங்கு விலைபொருள். அந்த இயல்பைத் தயாரித்து வெளியிடுவதும் கலைஞரை ஒப்பந்தத்திற் கட்டிவைத்திருக்கும் நிறுவனமே என்பது 'ரன் பி.ரி.எஸ்.' போன்ற சொந்த நிகழ்ச்சிகளின் சிறப்பியல்பு.

இங்கேதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி எழுகிறது. தொழிற்சாலையிலே தறி நெய்பவன் மாலையில் வீடு சென்று தன் நண்பரோடு சிரிக்கும்பொழுது, அச்சிரிப்பு அவனுக்குச் சொந்தமானது. நண்பரோடு சிரிப்பதே வேலையாகிவிட்டவனின் ஓய்வு எங்கே உள்ளது? பயிற்சிக் கூடத்திலும் மேடையிலும் உடலை வருத்தியபின், ஓய்வெடுப்பதுபோலத் தோன்றுவதற்காக மீண்டும் ஒளிப்படக் கருவியின் முன் அமரவேண்டியுள்ளது. 2010 முதல் பண்டிகைக் காலங்களிலே ஒளிபரப்பாகிவந்த, இசைக்குழுவினர் பங்குகொள்ளும் மெய்வல்லுநர் போட்டி நிகழ்ச்சியை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். அதன் பதிவு மிக நீண்ட நேரம் நடைபெறுவது வழக்கம். ஓட்டத்திலும் பிற போட்டிகளிலும் பாடகர்கள் காயமுற்ற செய்திகள் பலமுறை வெளியாகின. அந்நிகழ்ச்சியை நிறுத்துமாறு முதலிற் குரல் எழுப்பியோரும் இரசிகர்களே. சோர்ந்த முகத்தோடு ஒருவர் திரையில் தோன்றிவிட்டால், அவருடைய நடத்தை சரியில்லையென்று கண்டனம் எழுகிறது. சோர்வு உழைப்பவனின் உரிமை என்பது அங்கு மறக்கப்படுகிறது.

இத்துறையின் உழைப்பு உறவுகள் எத்தகையன என்பது 2009இல் ஓரளவு வெளிப்பட்டது. ரி.வி.எக்ஸ்.கியூ. என்னும் குழுவைச் சேர்ந்த மூவர், 13 ஆண்டுகள் தம்மைக் கட்டிவைத்த ஒப்பந்தம் அநீதியானது என வழக்குத் தொடுத்தனர். அதே ஆண்டில் கொரிய நியாய வர்த்தக ஆணைக்குழு மாதிரி ஒப்பந்தமொன்றை வகுத்து, ஒப்பந்தக் காலத்தை 7 ஆண்டுகளாக மட்டுப்படுத்திற்று. 

2022ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் திகதி வெளியான ஒரு நிகழ்ச்சி எம் சிந்தனையை வேறு திசைக்குத் திருப்பிற்று. குழுவின் ஒன்பதாம் ஆண்டு நிறைவையொட்டி எழுவரும் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்ந்து உண்டனர், அருந்தினர், வழக்கம்போல ஒருவரையொருவர் கேலி செய்தனர். நாமும் வழக்கம்போலச் சிரிக்க ஆயத்தமாயிருந்தோம். அப்பொழுது, குழுவின் தலைவர் ஆர்.எம்., கொரிய இசைத்துறையும் அதன் ஒழுங்கமைப்பும் மனிதன் முதிர்ச்சியடைய அவகாசம் தருவதில்லை என்ற கருத்தை வெளியிட்டார். தொடர்ந்து எதையாவது ஆக்கி அளித்துக்கொண்டே இருக்கவேண்டியிருப்பதைக் கூறினார். கண்ணீரும் வந்தது. குழுவாகச் செய்யும் பணிகளைச் சற்று நிறுத்தித் தனித்தனியே இயங்கப் போவதாக அவர்கள் அறிவித்தனர்.

மறுநாள் நிகழ்ந்தது யாது? நிறுவனத்தின் பங்கு விலை சியோல் பங்குச் சந்தையிலே ஒரே நாளில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு வீழ்ந்தது. களைத்துப்போனோம் என ஏழு இளைஞர் ஓர் உணவு மேசையிலே கூறியதற்குச் சந்தை அளித்த மறுமொழி அது. நிறுவனமோ, குழு கலைந்துவிடவில்லை, பணிகள் தொடரும் என விளக்கமளிக்க விரைந்தது. நாம் சிரித்துக் களித்த ஒவ்வொரு விளையாட்டின் பின்னும் ஒரு கணக்கேடு திறந்திருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் எமக்குக் கற்பித்திராது. அதேவேளை மற்றோர் உண்மையையும் கூறவேண்டும். அந்தச் சொற்கள் வெளிவந்ததும் பல்சுவை நிகழ்ச்சியின் உருவத்துக்குள்ளிருந்தேதான். வணிகம் வகுத்த உருவத்துக்குள்ளும் மனிதன் சிலவேளை வாய்திறந்து விடுகிறான். கலையை ஆராய்வோர் இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே காணல் வேண்டும்.

அவ்வாறு வாய்திறப்பவனைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது? 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி, நியூஜீன்ஸ் குழுவைச் சேர்ந்த ஹன்னி கொரியத் தேசிய சபையின் குழுவொன்றின் முன் தோன்றி, பணியிடத்தில் தாம் அவமதிக்கப்பட்டதாக முறையிட்டார். அடுத்த மாதம் தொழில் அமைச்சு அம்முறைப்பாட்டை முடித்துவைத்தது. தொழில் நியமச் சட்டத்தின் பொருளில் அவர் ஒரு தொழிலாளி அல்லர் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அவருக்கு வரையறுத்த வேலை நேரம் இல்லை என்பதும் அவ்வாறு கொள்வதற்கு ஓர் ஆதாரமாயிற்று. இதிலுள்ள முரண்பாட்டை வாசகர் உணர்வர். வேலை நேரத்துக்கு எல்லையே இல்லாதவரை, வேலை நேரம் இல்லாதவர் எனச் சட்டம் கணக்கெடுக்கிறது! சிரிப்பு உழைப்பென ஏற்கப்படும்வரை இம்முரண்பாடு தீராது.

இனி இரசிகனின் பங்கையும் நேர்மையாகக் கூறிவிடுதல் வேண்டும். அவனும் உழைக்கிறான். 'ரன் பி.ரி.எஸ்.' முதலில் வெளியான தளம் 2022ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. அத்தளத்திலே இரசிகர்கள் ஊதியமின்றியே நிகழ்ச்சிகளின் உரையாடலைப் பல மொழிகளிற் பெயர்த்தனர். அன்பினால் செய்த பணியின் பயனை நிறுவனம் அறுவடை செய்தது. அதே அன்பு சிலரிடத்து உடைமையுணர்ச்சியாகவும் திரிகிறது. நான் நேசிக்கிறேன், ஆகவே நீ எனக்காக எப்பொழுதும் மலர்ந்த முகத்தோடு இருக்கவேண்டும் என்கிறது அது. இது நண்பனின் குரலன்று, முதலாளியின் குரல். சுரண்டப்படுபவனின் வாயிலிருந்தே அது வெளிப்படுகிறது.

ஆனால் இரசிகர் கூட்டத்தை அறிவற்ற மந்தையெனத் தள்ளிவிடுவோரை வரலாறு மறுக்கிறது. 2019இல் 'புரொடியூஸ் எக்ஸ் 101' என்னும் தெரிவு நிகழ்ச்சியின் முடிவிலே, போட்டியாளரிடையேயான வாக்கு வித்தியாசம் 29,978 என்ற ஒரே எண்ணாகத் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்தோர் பார்வையாளரே. அவர்கள் ஒன்றுகூடி முறைப்பாடு செய்தனர், மோசடி அம்பலமாயிற்று, தயாரிப்பாளர் சிறை சென்றார். 2024 டிசம்பர் 3ஆம் திகதி ஜனாதிபதி யூன் சுக் யோல் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தபின், சியோல் வீதிகளிலே திரண்ட இளம் பெண்களின் கைகளில் இசையரங்குக்கு ஏந்திச் செல்லும் ஒளித்தண்டுகள் இருந்தன. வெவ்வேறு குழுக்களின் இரசிகர்கள் வெவ்வேறு நிற விளக்குகளோடு ஒரே வரிசையில் நின்றனர். தாம் நேசித்த பாடல்களையே போராட்டப் பாடல்களாக்கிப் பாடினர். 2025 ஏப்ரல் 4ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஜனாதிபதியைப் பதவி நீக்கிற்று. திரையிலே தோழமையைக் கண்டு ஏங்கியவர்கள், வீதியிலே அதனைத் தாமே படைத்துக்கொண்டனர்.

ஆகவே எமது முடிபு இதுவாகும். பல்சுவை நிகழ்ச்சியைக் கண்டு மகிழும் மாணவனிடம் அதனைப் பாராதே எனக் கூறும் ஆசிரியர் அவனை இழந்துவிடுவார். அவனோடு அமர்ந்து பார்த்துவிட்டு, இந்தச் சமத்துவம் உனக்கு ஏன் இத்துணை இனிக்கிறது, அது உன் வகுப்பறையில் ஏன் இல்லை, இப்படிச் சிரிப்பவர் எத்தனை மணிக்கு உறங்கச் சென்றார் எனக் கேட்பவரே அவனுக்கு வழிகாட்டுவார். பி.ரி.எஸ். குழுவினர் எழுவரும் இராணுவச் சேவையையும் அதற்கீடான பொதுச் சேவையையும் 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்குள் நிறைவேற்றினர். அவர்கள் மீண்டும் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்ந்து விளையாடும்பொழுது நாமும் சிரிக்கவே செய்வோம். எவராவது ஒருவர் சிரிக்காமல் மௌனமாக அமர்ந்திருப்பாராயின், அன்று அவரைச் சிரிக்கும்படி கேளாதிருப்பதே உண்மையான இரசிகன் செய்யக்கூடிய முதற்பணி. ஓய்வும் ஊதியமும் சட்டத்தின் காப்பும் அவருக்குக் கிடைக்கவேண்டுமெனக் கேட்பது அடுத்த பணி.