கல்லறைக்கும் கேலிக்கும் நடுவே

1981ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' என்னும் ஜேம்ஸ் பாண்ட் திரைப்படம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் தொடங்குகிறது. உளவாளி கையில் மலர்களோடு வருகிறான்; தன் மனைவியின் கல்லறைமுன் குனிந்து அவற்றை வைக்கிறான். அவள் மறைந்த ஆண்டு 1969 எனக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. காட்சி படமாக்கப்பட்ட இடம் இங்கிலாந்தின் ஸ்டோக் போஜஸ் ஆலய வளாகம். தாமஸ் கிரேயின் புகழ்பெற்ற இரங்கற்பாவோடு சேர்த்துப் பேசப்படும் அதே வளாகம். ஆலயத்துக் குருவானவர் விரைந்து வந்து, அலுவலகத்திலிருந்து ஹெலிகாப்டர் வருவதாகத் தெரிவிக்கிறார். அது மேலெழும்போது சிலுவை அடையாளம் வரைந்து வழியனுப்புகிறார். அடுத்த சில நிமிடங்களில், சக்கர நாற்காலியிலிருக்கும் ஒரு பகைவனை அதே ஹெலிகாப்டரால் தூக்கிக்கொண்டு போய், அவன் கெஞ்சக் கெஞ்ச, ஓங்கி நிற்கும் ஒரு புகைபோக்கிக்குள் போட்டுவிடுகிறான் பாண்ட். போடுமுன் அவனுடைய வழுக்கைத் தலையைத் தட்டிக் கேலியும் பேசுகிறான்.

அடக்கச் சடங்குகளில் அடிக்கடி நிற்கும் நமக்கு, அந்தக் குருவானவர்மீது சற்றே இரக்கம் உண்டு. தாம் வரைந்த அடையாளம் எத்தகைய செயலுக்கு முன்னுரையாயிற்று என்பதை அவர் அறிந்திருக்க மாட்டார். அது போகட்டும். நம்மை உறுத்துவது வேறொரு கேள்வி. கல்லறைமுன் தலை தாழ்த்தி நின்ற அந்த மனிதன், இரண்டு நிமிடங்களுக்குள் எங்கே போனான்?

1962 முதல் 2021 வரை ஈயான் நிறுவனம் எடுத்த 25 பாண்ட் படங்களை ஒப்பிடுவோர், பெரும்பாலும் நடிகரையோ, வில்லனையோ, கருவிகளையோ கொண்டே தரம் பிரிக்கின்றனர். சீன் கானரியா, ராஜர் மூரா என்னும் வழக்கு நம் வயதொத்தவரிடையே இன்னும் முடிந்தபாடில்லை. நாம் வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறோம். கொல்வதற்கு உரிமம் பெற்றவன் என்பதே இக்கதாநாயகனின் தனி அடையாளம். 007 என்னும் எண்ணின் முன்னுள்ள இரண்டு சுழிகளும் குறிப்பது அதைத்தான். ஆகவே, அவனால் மாண்டவர்களையும் அவனுக்காக மாண்டவர்களையும் ஒரு படம் எப்படிப் பார்க்கிறது என்பதில் அதன் வலிமையும் தளர்ச்சியும் வெளிப்பட்டுவிடுகின்றன. இதை ஒழுக்கப் போதனை என்று வாசகர் ஒதுக்கிவிட வேண்டா. நாம் பேசுவது கலையைப் பற்றியே. சாவுக்குக் கனமில்லாத கதையில் ஆபத்துக்கும் கனமில்லை. ஆபத்தே இல்லாதபோது வீரத்தை எங்கே காண்பது?

முதற்படமான 'டாக்டர் நோ' (1962) இவ்வகையில் நேர்மையானது. பேராசிரியர் டென்ட் இரவில் வந்து, பாண்ட் உறங்குவதாக எண்ணிக் கட்டிலின்மேல் குண்டுகளைப் பொழிகிறான். கட்டிலில் இருப்பவை தலையணைகள். பாண்டோ நாற்காலியில் அமர்ந்து, சுடப்பட்ட குண்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். எதிரியின் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று தெரிந்தே அவனைச் சுடுகிறான்; விழுந்தவனை மறுபடியும் சுடுகிறான். பார்க்க அருவருப்பான காட்சிதான். ஆனால் உரிமம் என்ற சொல்லின் பொருள் இதுவே என்று இயக்குநர் டெரென்ஸ் யங் ஒளிக்காமல் காட்டிவிட்டார். அவரே இயக்கிய 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' (1963) படத்தில் ரயில் பெட்டிக்குள் நடக்கும் சண்டை இன்றும் நம்மை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவருகிறது. குறுகிய அறை, உடைந்த விளக்கு, ஒருவன்தான் உயிரோடு வெளியேற முடியும் என்னும் நிலை. வேறொன்றும் அங்கே தேவைப்படவில்லை. இஸ்தான்புல் நண்பர் கெரீம் பே கொல்லப்பட்டபின் படத்தின் முகமே மாறிவிடுகிறது. அவ்வேடமேற்ற மெக்சிக்கோ நடிகர் பெட்ரோ ஆர்மென்டாரிஸ் கடும் நோயோடு நடித்தவர். படம் வெளியாகும் முன்பே, 1963 ஜூனில் மறைந்தார். அதை அறிந்து பார்க்கும்போது அவருடைய சிரிப்பு வேறு விதமாக ஒலிக்கிறது. நாடோடிக் கூட்டத்துப் பெண்கள் இருவரை ஓர் ஆணுக்காகக் கட்டிப் புரளவிட்ட காட்சி மட்டும் அன்றும் இன்றும் இப்படத்தின் கறையே.

பலரும் தொடரின் மணிமுடி என்று கருதும் 'கோல்ட்ஃபிங்கர்' (1964) படத்தில்தான் நோய் தொற்றியது என்பது நம் துணிபு. அதன் திரைக்கதை கூர்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. தங்கத்தைத் திருடுவதல்ல வில்லனின் திட்டம். ஃபோர்ட் நாக்ஸிலுள்ள அமெரிக்கத் தங்கத்தைக் கதிர்வீச்சால் கெடுத்துத் தன்னுடைய தங்கத்தின் விலையை உயர்த்துவது. கென் ஆடம் அமைத்த அந்தப் பொற்கிடங்கு ஒரு பேராலயம்போல் மின்னுகிறது. ஆயினும் பெயர்ப்பட்டியல் வருமுன்னரே, பாண்ட் ஒருவனைக் குளியல் தொட்டியில் தள்ளி, மின்கருவியை நீரில் எறிந்து கொன்றுவிட்டு, அதிர்ச்சி என்ற சொல்லை வைத்துச் சிலேடை பேசுகிறான். பள்ளிப் பருவத்தில் இதை வீடியோ கேசட்டில் பார்த்தபோது நாமும் நண்பர்களும் கைகொட்டிச் சிரித்தோம். பல்லாண்டுகள் கழித்து மறுபடி பார்த்தோம், சிரிப்பு வரவில்லை. மாறியது படமன்று. பின்னாளில் வந்த படங்கள் இதன் கதைக்கூர்மையை விட்டுவிட்டுச் சிலேடையை மட்டும் சுவீகரித்துக்கொண்டன.

இனி, நாம் மிகவும் மதிக்கும் படத்துக்கு வருவோம். 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' (1969) வெளிவந்தபோது பலர் உதட்டைப் பிதுக்கினர். நடிப்பனுபவம் இல்லாத ஆஸ்திரேலிய விளம்பர மாடல் ஜார்ஜ் லேசன்பி கானரியின் இடத்தில் நின்றார். குறைகள் வெளிப்படை. பாண்ட் மாறுவேடமிடும் நெடும்பகுதியில் அவருக்கு வேறொரு நடிகர் குரல் கொடுக்க நேர்ந்தது. ஆல்ப்ஸ் மலையுச்சியில் மனவசியத்துக்கு ஆளான பெண்களின் காட்சிகள் நீண்டு சலிப்பூட்டுகின்றன. பனிச்சறுக்குத் துரத்தலில் பனியகற்றும் இயந்திரத்துக்குள் ஒருவன் விழுந்து சிதற, இங்கும் ஒரு கேலி உண்டு. ஆயினும் முன்னைய படங்களின் படத்தொகுப்பாளரும் இப்படத்தின் இயக்குநருமான பீட்டர் ஹண்ட், கடைசி இரண்டு நிமிடங்களில் அத்தனைக்கும் ஈடுகட்டிவிட்டார். திருமணம் முடிந்து போகும் வழியில், வண்டியில் கட்டிய மலர்களை எடுப்பதற்காக நிறுத்துகிறார்கள். வேறொரு வண்டி கடந்து செல்கிறது, குண்டுகள் பாய்கின்றன. உரக்கப் பேசிக்கொண்டே ஓடிவந்து அமர்ந்த பாண்ட், பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறான். டயானா ரிக் நடித்த டிரேசியின் நெற்றியில் இரத்தம். காவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறார். அவள் களைத்துப் போய் இளைப்பாறுகிறாள் என்று அவரிடம் சொல்லுகிறான், அவள் தலையை மடியில் ஏந்தியபடி. துளைபட்ட கண்ணாடியோடு படம் முடிகிறது. சாவை ஏற்க மறுத்துத் தூங்குகிறாள் என்று சொல்லும் கணவர்களை வாழ்க்கையில் பார்த்திருக்கிறோம். லேசன்பி நடிக்கத் தெரியாதவர் என்றால், அந்த ஒரு காட்சிக்கு அதுவே நன்மையாயிற்று.

இரண்டாண்டுகள் கழித்துக் கானரி திரும்பி வந்த 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1971) படத்தில் டிரேசியின் பெயர்கூட இல்லை. இறந்தவளை அவ்வளவு விரைவில் அடக்கம் செய்துவிட்டார்கள். எழுபதுகளின் ஏனைய படங்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 'ஸ்டார் வார்ஸ்' பெற்ற வெற்றியைக் கண்டு விண்வெளிக்குப் போன 'மூன்ரேக்கர்' (1979) படத்தில், மனிதர் எடையிழந்து மிதக்கிறார்கள், கதையும் அவ்வாறே.

'ஆக்டோபஸி' (1983) நமக்குச் சற்றே நெருக்கமானது. இந்திய உளவாளி விஜய்யாக நடித்தவர் சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். உதய்ப்பூரின் ஏரி அரண்மனை கண்ணுக்கு விருந்தாகிறது. ஆனால் படம் காட்டும் இந்தியா, பாம்பாட்டியும் தீமிதிப்பவனும் முள்படுக்கைக்காரனும் ஒரே தெருவில் நெருக்கியடிக்கும் இந்தியா. நம் நாட்டவன் கையில் ரூபாய்க்கட்டைத் திணித்து, சில வாரக் குழம்புச் செலவுக்கு இது போதும் என்ற பொருளில் பாண்ட் பேசும்போது, நமக்கு முகம் சுண்டிப்போகிறது. ஆட்டோ துரத்தலில் விஜய் டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடிக்க, வேடிக்கை பார்ப்போர் ஆட்டம் காண்பவர்போல் தலையை இப்புறமும் அப்புறமும் திருப்புகிறார்கள். அந்த விஜய் பின்னர் ஏரிக்கரையில் கொல்லப்படுகிறான். கதை ஜெர்மனிக்குப் புறப்பட்டுவிடுகிறது. மட்டைக்குக் கிடைத்த இடம் அவன் சாவுக்குக் கிடைக்கவில்லை.

இதே படத்தில் ஒரு முத்தும் கிடக்கிறது. தொடக்கத்தில் கோமாளி வேடமிட்ட மற்றோர் உளவாளி, கிழக்கு பெர்லினில் துரத்தப்பட்டு, முதுகில் கத்தியோடு பிரிட்டிஷ் தூதரின் இல்லத்தில் வந்து விழுந்து சாகிறான். முடிவில், அமெரிக்க விமானத் தளத்துச் சர்க்கஸ் கூடாரத்தில் அணுகுண்டு மறைந்திருக்க, அதைத் தடுக்க ஓடிவரும் பாண்டும் கோமாளி வேடத்திலேயே வரவேண்டியதாகிறது. அவன் உண்மையைக் கத்துகிறான், கூட்டம் சிரிக்கிறது. ஏழு படங்களில் பிறரைக் கேலி செய்தே பழகிய மூரின் பாண்ட், சாயம் பூசிய முகத்தோடு, தன்னை நம்பும்படி மன்றாடும் அந்தச் சில நிமிடங்கள் அவருடைய மிகச் சிறந்த நடிப்பு என்று தயங்காமல் சொல்வோம்.

திமத்தி டால்டனின் 'லைசென்ஸ் டு கில்' (1989) பழிவாங்குதலின் கசப்பைக் காட்ட முயன்று, கொடூரத்தை மட்டுமே கூட்டியது. பியர்ஸ் பிராஸ்னனின் 'கோல்டன் ஐ' (1995) கடற்கரையில் ஒரு பெண்ணின் வாயிலாக, இந்தக் குளிர்ச்சி உன்னைத் தனியனாக்குகிறது என்று அவனிடம் சொல்ல வைத்தது. சொல்லிவிட்டு உடனே மறந்தும் போயிற்று.

அதை மறக்காத படம் 'கேசினோ ராயல்' (2006). கறுப்பு வெள்ளையில் தொடங்கும் முதற்காட்சியிலேயே இரண்டு கொலைகளை அருகருகே வைத்துவிடுகிறார் இயக்குநர் மார்ட்டின் கேம்ப்பெல். கழிப்பறையில் திணறித் திணறி நடக்கும் முதற்கொலை; ஒரு வாக்கியம் முடியுமுன் நடந்துவிடும் இரண்டாவது. மனிதன் கெட்டுப்போகும் வேகத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் காட்டியதில்லை. பின்னர், விடுதிப் படிக்கட்டில் இருவரைக் கொன்றபின், டேனியல் கிரெய்கின் பாண்ட் கண்ணாடிமுன் இரத்தத்தைக் கழுவுகிறான், கை நடுங்குகிறது. கொலையைக் கண்ணால் கண்ட வெஸ்பர் உடுத்திய உடையோடு குளியலறைத் தண்ணீருக்கடியில் ஒடுங்கிக் கிடக்கிறாள். அவன் எதுவும் போதிக்காமல், நனைந்தபடியே அவளருகில் அமர்கிறான். இத்தொடர் முழுவதிலும், ஒரு கொலைக்குப்பின் படம் இவ்வளவு நேரம் நின்று பார்த்தது இங்கேதான். சீட்டாட்டம் முடிந்தபின் கதை நீள்வது உண்மை. அந்நீளத்தை இக்காட்சிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

'ஸ்கைஃபால்' (2012) படத்தில் இரண்டு போக்குகளும் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றன. தலைவி எம், பழைய சிற்றாலயம் ஒன்றில் பாண்டின் கரங்களில் உயிர் விடும்போது அவன் அழுகிறான், நாமும் கலங்குகிறோம். ஆனால் சிறு வயதிலேயே விற்கப்பட்டுச் சீரழிந்த செவரீன், தலைமேல் மதுக்கிண்ணம் வைக்கப்பட்டுச் சுடப்படும்போது, நல்ல விஸ்கி வீணாயிற்று என்று அவன் வாயில் வருகிறது. எதிரியின்முன் உணர்ச்சியை மறைக்கவே அப்படிப் பேசினான் என்று வாதிடுவோர் உண்டு. பின்னர் எங்கேனும் அவளை நினைத்திருந்தால் அவ்வாதத்தை ஏற்றிருப்போம்.

கிரெய்கின் கடைசிப் படமான 'நோ டைம் டு டை' (2021), நாற்பது ஆண்டுகளுக்குப்பின், மறுபடியும் ஒரு கல்லறைக்குப் போகிறது. இத்தாலியின் மட்டேரா நகரில் வெஸ்பரின் கல்லறைமுன், மன்னிப்பு வேண்டும் சிறு சீட்டொன்றைப் பாண்ட் எரிக்கிறான். குண்டு வெடிக்கிறது. 1981இல் பார்த்த அதே அமைப்பு: முதலில் கல்லறை, உடனே வன்முறை. ஆனால் இங்கே அவன் காது அடைத்துப்போகிறது. நமக்கும் ஒலி மங்குகிறது. அந்தக் காலைப்பொழுதின் காயம் படம் முடியும்வரை ஆறவில்லை. தெளிவற்ற வில்லன், 163 நிமிட நீளம் ஆகிய குறைகளைக் கடந்து, தன் மகளின் பொம்மையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏவுகணைகளுக்காகக் காத்து நிற்கும் அவனை நம்மால் நம்ப முடிகிறது.

அதற்குச் சற்று முன்பு, அதே தீவில், செயற்கைக் கண் பொருத்திய கொலையாளி ஒருவனைத் தன் கைக்கடிகாரத்தின் மின்காந்த அலையால் கொன்றுவிட்டு, அவன் மண்டை வெடித்ததை வைத்துப் பாண்ட் ஒரு சிலேடை சொல்லுகிறான். அரங்கில் சிரிப்பொலி எழுந்தது. நம் வாயிலிருந்தும் அது வந்துவிட்டது.