சிக்கனமாய் உருக்கும் கலை

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துப் பட்டறைகளில் தேய்ந்த சாமானை லேசில் தூக்கி எறிய மாட்டார்கள். ஷாப்ட் தேய்ந்தால் வெல்டு வைத்து ஏற்றி, லேத்தில் கடைந்து, மறுபடி பம்புக்குள் மாட்டிவிடுவார்கள். அந்தக் கைவேலைக்கு நானும் ரசிகன்தான். ஆனால் வார்ப்பு அச்சான டை என்று வந்துவிட்டால் ஆர்க் வெல்டிங் கொஞ்சம் முரட்டு வைத்தியம். புது உலோகத்தை ஏற்றுகிற சாக்கில் அடியிலுள்ள பழைய எஃகையும் தாராளமாக உருக்கிக் கலந்துவிடும். சூட்டில் டை கோணிக்கொள்வதும் உண்டு. லேசரால் உலோகப் பவுடரை உருக்கி ஏற்றும் லேசர் கிளாடிங்கில் என்னை மயக்குவது அதன் சிக்கனம்.

பம்பு மோட்டார் ரோட்டருக்கு அலுமினியம் வார்க்கும் டையையே எடுத்துக்கொள்வோம். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அதைவிடக் கூடுதல் சூட்டில் அது உள்ளே பாயும். வார்ப்பு வெளியே வந்ததும் டை குளிரும். ஆயிரக்கணக்கான தடவை இப்படிச் சுட்டுக் குளிர்ந்தால், எச்-13 எஃகேயானாலும் மேல்தோலில் பொடி வெடிப்புகள் பின்னிக்கொள்ளும்.

ரிப்பேரில் பாதி, லேசர் தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது. வெடித்த இடத்தை மில்லிங்கில் எடுத்துவிட்டு, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடிப்பார்கள். சற்றுப் பொறுத்தால் வெள்ளையில் மயிரிழைச் சிவப்பு ஒன்று தலைகாட்டும். “இன்னும் கசியுதுங்ணா” என்றால் இன்னும் ஆழம் போக வேண்டும் என்று பொருள். அவசரப்பட்டு அதன்மேலேயே ஏற்றினால், ஒளிந்திருந்த வெடிப்பு புதுப் படிவத்தையும் கிழித்துக்கொண்டு மேலே வரும். எத்தனை விலை உயர்ந்த லேசரும் அங்கே கைவிரித்துவிடும்.

பிறகு டையை முன்சூடு ஏற்றி, ரோபோவின் நாசிலை அதன்மேல் கொண்டுவருவார்கள். லேசர் ஒரு சின்னப் புள்ளியை உருக்க, ஆர்கான் வாயுவோடு வரும் உலோகப் பவுடர் அதில் விழுந்து கரையும். பவுடரில் ஒரு மணியின் பருமன் பெரும்பாலும் 50 முதல் 150 மைக்ரான். அடி எஃகு கலப்பது 5 சதவீதத்துக்குள் நின்றால் நல்ல வேலை. ஒன்றுமே உருகாவிட்டாலும் ஆபத்து, படிவம் தகடாகப் பெயர்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சாமர்த்தியத்தைத்தான் நான் தேடிப் பார்ப்பேன். மாதிரித் துண்டை வெட்டி, பாலிஷ் போட்டு, நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசலைத் தடவினால் பழசும் புதுசும் சேர்ந்த கோடு தெரியும். அது மெலிதாக, இடையில் அறுபடாமல் ஓட வேண்டும்.

கிரைண்டிங்குக்கு முன்பே டையைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஒன்றை ஒன்று கொஞ்சம் மூடியபடி வரிசையாகக் கிடக்கும் படிவங்கள், உழுத சால்போல் இருக்கும். நடுவில் எல்லோருக்கும் நன்றாகவே வரும். மூலையைப் பாருங்கள்: ரோபோ அங்கே வேகம் குறைக்கும், உலோகம் குவிந்து மேடிடும். அந்த மேட்டை அடக்கத் தெரிந்தவரே புரோகிராம் எழுதத் தெரிந்தவர்.

ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே விமான எஞ்சின் டர்பைன் பிளேடுகளில் இந்த முறையைக் கையாண்டது. நம் நாட்டில் ஹைதராபாத் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் இதில் வேலை செய்கிறது. இதுவும் முப்பரிமாண அச்சுக்கு உறவுக்காரன்தான். ஆனால் கண்காட்சிகளில் கூட்டமெல்லாம் பிளாஸ்டிக் பொம்மை அச்சடிக்கும் ஸ்டாலில்தான் நிற்கிறது!

தேய்ந்த இடத்தில் அதே எஃகையே வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உராய்வில் தேய்கிற வால்வு சீட்டுக்கு ஸ்டெல்லைட் என்ற கோபால்ட் கலவையை ஏற்றுகிறார்கள். எதனால் தேய்ந்தது என்று கண்டுபிடித்து அதற்கேற்ற பவுடரைத் தேர்ந்தெடுப்பது, மெஷின் ஓட்டுவதைவிடப் பெரிய வேலை. அதே டை மறுபடி ரிப்பேருக்கு வரும்போது, தேய்மானம் புது இடத்தில் இருந்தால், முதல் தடவை பவுடர் தேர்ந்தவருக்கு முழு மார்க்.