எதிரில் ஆளில்லாத பாடம்

புலம்பெயர்ந்த நம்மவரின் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கவென்று செயலி ஆக்கப் புகுவோர், 2020ஆம் ஆண்டில் இன்ஸ்ரகிராம் ரீல்ஸும் யூரியூப் ஷோர்ட்ஸும் தோன்றிய பின்னர், அவற்றின் அமைப்பையே பாடத்தின் அமைப்பாகவும் கொள்ளத் தலைப்பட்டிருக்கின்றனர். குழந்தை தாய்மொழியைக் கேட்டே கற்கிறது, ஆகையால் அரை நிமிஷக் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிவந்தால் மொழி தானாகவே படியும் என்று அவர்கள் சொல்லும் நியாயம் கேட்பதற்கு இனியதேயாயினும், அது அடிப்படையிலேயே பிழையானது என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

இம்முறைக்குச் சிறப்புகள் இல்லாமலில்லை. அச்சிட்ட பாடநூல் தர இயலாத உச்சரிப்பையும் குரலின் ஏற்றத்தாழ்வையும் உதட்டசைவையும் அது ஒருங்கே தருகிறது; மெம்ரைஸ் போன்ற செயலிகள், அந்தந்த மொழிக்குரியோர் பேசும் சிறு காணொளிகளைச் சேர்த்துக் கற்பவரின் செவியைப் பண்படுத்த முயன்றமை மெச்சத்தக்கதே. வகுப்புக்குச் செல்ல அவகாசமில்லாத பிள்ளையும் பஸ்ஸில் இருந்தபடியே சில சொற்களை அறிந்துகொள்கிறது. இவற்றை நான் மறுக்கவில்லை.

ஆயினும், குழந்தை வெறுமனே கேட்டுக் கற்பதில்லை. தன்னை நோக்கிப் பேசப்படுவதைக் கேட்டுக் கற்கிறது. அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பற்றீசியா குல் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் சகாக்களும் 2003இல் வெளியிட்ட பரிசோதனையில், மன்டரின் பேசுவோர் ஒன்பது மாதக் குழந்தைகளோடு 12 முறை நேரில் இருந்து வாசித்தும் விளையாடியும் வந்தபோது, அக்குழந்தைகள் அம்மொழிக்குரிய ஒலிவேற்றுமையைப் பிரித்தறியக் கற்றன; அதே பேச்சாளரைக் காணொளியில் கண்ட குழந்தைகளோ அதனைக் கற்கவில்லை.

தமிழைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் பாரதூரமானது. எதிரில் நிற்பவர் யாரென்று நிச்சயிக்காமல் தமிழில் ஒருவரை அழைக்கவும் முடியாது. தம்பியை ‘வா’ என்றும், சமவயதினரை ‘வாரும்’ என்றும், பெரியவரை ‘வாங்கோ’ என்றும் அழைக்கும் யாழ்ப்பாணத்து வழக்கில், வயதும் உறவும் பழக்கத்தின் அளவும் ஒரே கணத்தில் நிறுக்கப்பட்டு வினைமுற்றாகின்றன. இந்நிதானம் பார்த்துப் பெறுவதன்று. தவறாகச் சொல்லி, எதிரிலிருப்பவரின் முகம் மாறக் கண்டு, திருத்திச் சொல்லிப் பெறுவது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதித் திருவிழாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுள், மடத்து அன்னதானப் பந்தியில் பரிமாறும் மூதாட்டி ‘இன்னும் கொஞ்சம் போடட்டோ, பிள்ளை?’ என்று கேட்டதை முற்றும் விளங்கிக்கொண்டும், ‘காணும் ஆச்சி’ என்று மறுமொழி சொல்ல நா எழாமல், தாயின் முகத்தை நோக்குவோரைக் காணலாம்.

கனடாவில் பிரெஞ்சை ஊடகமொழியாகக் கொண்டு பல ஆண்டுகள் பயின்ற மாணவரை ஆராய்ந்த மெரில் சுவெய்ன், அவர்கள் கேட்டு விளங்குவதில் வல்லவராகியும் பேச்சில் பிழை மலிந்தவராகவே இருந்ததற்குப் பேசும் வாய்ப்புப் போதாமையை ஒரு காரணமாக 1985இல் எடுத்துக்காட்டினார். ஆசிரியர் எதிரில் நின்ற வகுப்பறைக்கே இக்கதியெனின், விரலால் தள்ளியவுடன் வேறொரு முகம் தோன்றும் திரையிடம் எதனை எதிர்பார்ப்பது?

குரலறியும் மென்பொருளைச் சேர்த்துவிட்டால் இக்குறை தீரும் என்பர். அம்மென்பொருள் உச்சரிப்பைத் திருத்துமேயன்றி, மரியாதை பிசகியதற்காக மனம் நோகாது. மனம் நோகாத ஒன்றிடத்தில் மரியாதையைக் கற்க வழியில்லை. அன்றியும், ஒன்று முடியுமுன்னே அடுத்தது வந்து நிற்பதுதான் குறுங்காணொளியின் உயிர். சொல்லைத் தேடித் தடுமாறும் பிள்ளைக்காகக் காத்திருப்பது அதன் இயல்புக்கே விரோதம். ஆதலால் இது திருத்தங்களால் நீங்கும் குறையன்று, முறையோடு உடன்பிறந்த குறை.

செயலி ஆக்குவோர் தம் உழைப்பிற் பாதியையேனும், பிள்ளையை ஊரிலுள்ள அம்மம்மாவோடும் அப்பப்பாவோடும் வாரத்தில் சிறிது நேரமாவது பேசவைக்கும் வழிக்குச் செலவிடுவார்களாக. அப்பேச்சுக்கு ஆயத்தம் செய்யும் அளவில் காணொளிக்கும் பயன் உண்டு. அதுவே ஆசானாக அமருமிடத்தில், தமிழ் விளங்கும் பிள்ளைகள் பெருகுவரேயன்றித் தமிழ் பேசும் பிள்ளைகள் பெருகமாட்டார்கள்.